அதிபரை மட்டும் கேட்காதீர்கள், ஷெரிஃபையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் சிங்கப்பூரில் நம் வீடுகளில் ஒரே கேள்விதான். அங்கே குடியுரிமை வாங்கிய பிள்ளைக்குப் போன் போட்டு "யாருக்குப் போட்டே?" என்று கேட்போம். அதிபர் தேர்தலைத்தான் கேட்கிறோம் என்று சொல்லவே தேவையில்லை, அவர்களும் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள். அதிபராக யார் வந்தாலும் அவர் நம் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. வாசலுக்கு ஆள் அனுப்புகிறவர் வேறு ஒருவர், அவரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஓட்டைப் பற்றி நாமும் கேட்பதில்லை, பல பிள்ளைகள் அதை யோசித்துப் போடுவதும் இல்லை. கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு பகுதி) ஷெரிஃப் பதவியைத்தான் சொல்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெரிஃப் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஷிப்பிங் ஏஜென்சி ஒன்றில் 30 வருடத்துக்கு மேல் போர்டிங் ஆபீசராக வேலை பார்த்தவன் நான். பணம் பாக்கி வைத்த கப்பல் மீது வழக்குப் போட்டால் அதை இங்கேயே பிடித்து வைப்பார்கள், பிடித்து வைக்கும் அதிகாரம் நம் உச்ச நீதிமன்றத்தின் ஷெரிஃபுக்கு உண்டு. லாஞ்சில் போய், கயிற்றேணியில் ஏறி, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் கண்ணாடியில் நீதிமன்ற ஆணையை ஒட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். அப்புறம் அத்தனை பெரிய கப்பல் அந்த ஒரு தாளுக்குக் கட்டுப்பட்டு நங்கூரத்தில் நிற்கும். ஒருமுறை, ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியின் உள்பக்கமிருந்து எழுத்து எழுத்தாகத் தலைகீழாக வாசிக்க முயன்ற ஒரு கேப்டனின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே ஷெரிஃப் என்றால் நீதிமன்றப் பதிவாளர் வகிக்கும் ஒரு பொறுப்பு. மெட்ராஸ் ஷெரிஃப் என்று அந்தக் காலத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பிரமுகர்களுக்குக் கொடுத்த அலங்காரப் பதவி. இரண்டுக்கும் யாரும் ஓட்டுப் போட்டதில்லை. அதனால் 2024 அக்டோபரில் டெக்சஸில் மகள் வீட்டில் இருந்தபோது, "அப்பா, ஷெரிஃபுக்கு யாருக்குப் போடுறதுன்னே தெரியலை" என்று அவள் சொன்னதும், எனக்கு அது முதலில் பிடிபடவே இல்லை.

மகள் இருப்பது ஹியூஸ்டனுக்குத் தென்மேற்கே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில். சிங்கப்பூரில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, அதனால் நம் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அந்த ஊர்க் குடிமகள் ஆனாள். அந்த முடிவு எனக்கும் அவள் அம்மாவுக்கும் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். ஆனால் இவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கிய ஓட்டு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது என்று மட்டும் அன்றைக்கே அவளிடம் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு காலையில் மாப்பிள்ளை காரை எடுக்கப் போனால் பக்கத்துக் கண்ணாடி உடைந்து சீட் முழுக்கச் சில்லு. போன் பண்ணினார்கள். வந்த வண்டியில் போலீஸ் என்று இல்லை, ஷெரிஃப் என்று எழுதியிருந்தது. இறங்கியவர் இளைஞர், டெபுடி (ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் அதிகாரி) என்று அறிமுகப்படுத்திக்கொண்டார், படம் எடுத்தார், பக்கத்து வீட்டுக் கேமராவைப் பற்றி விசாரித்தார், ஒரு அட்டையின் பின்புறம் வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்தார். நான் சும்மா இருக்க முடியாமல், சுகர் லேண்ட் போலீசில் இருந்து வருகிறீர்களா என்று கேட்டேன். இல்லை சார், இந்த வீடு சுகர் லேண்ட் எல்லைக்குள் இல்லை என்றார்.

விலாசத்தில் சுகர் லேண்ட் என்றுதான் இருக்கிறது! மகள் அந்த வீட்டுக்குப் போய் நான்கு வருடம், அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே தபால் ஊர் வேறு, நகர எல்லை வேறு. புதிது புதிதாக எழும்பும் வீட்டுக் குடியிருப்புகள் பல, எந்த நகரத்திலும் சேராமல் நேரடியாகக் கவுண்டியின் கீழ் இருக்கின்றன. நகரத்துக்குள் இருந்தால் போலீஸ் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கும். வெளியே இருந்தால் ஷெரிஃப்தான் போலீஸ், அவரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். நம்மவர்கள் வீடு வாங்கும் இடங்களில் நிறைய இப்படிப்பட்டவைதான். உங்கள் பிள்ளையிடம் "உன் வீடு நகர எல்லைக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் அனுமானம். கவுண்டி இணையத்தளத்தில் விலாசத்தைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

சரி, நகரத்துக்குள் இருப்பவருக்கு ஷெரிஃப் வேண்டாதவரா என்றால் அதுவும் இல்லை. காரணம், சிறை அவர் கையில் இருக்கிறது. நகரப் போலீஸ் பிடித்தாலும் மாநிலப் போலீஸ் பிடித்தாலும், பிடிபட்டவர் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஷெரிஃப் நடத்தும் கவுண்டிச் சிறைதான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள், வழக்குக்காகவோ பிணைப் பணத்துக்காகவோ காத்திருப்பவர்கள்.

மகள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை, பக்கத்துக் கவுண்டியான வாலரில் 2015 ஜூலையில் நடந்ததை அங்கே இன்னும் பேசுகிறார்கள். சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண், தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் காரை நிறுத்தினார், வாய்த்தகராறாகிக் கைது வரை போனது. பிணை 5,000 டாலர், அதில் 500 டாலர் போலக் கட்டினால் வெளியே வந்திருக்கலாம். மூன்றாம் நாள் சிறை அறையில் இறந்து கிடந்தார். கைது செய்தவர் ஷெரிஃபின் ஆள் இல்லை, ஆனால் இறந்தது ஷெரிஃபின் சிறையில். மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும், மனநலம் பற்றிய பயிற்சி விதியும் அங்கே சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று மாநில ஆணையம் பிறகு குறிப்பிட்டது. 2017-இல் அவர் பெயரிலேயே டெக்சஸில் ஒரு சட்டம் வந்தது, சிறையில் ஒருவர் இறந்தால் வெளி அமைப்பு ஒன்று விசாரிக்க வேண்டும் என்று. இதை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தபோது, நம் பிள்ளைகளும் அதே சாலைகளில்தானே கார் ஓட்டுகிறார்கள் என்ற நினைப்பு வந்தது, அதற்கு மேல் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மேசையில்தான் மாதிரி வாக்குச்சீட்டையும் பிரித்துப் பார்த்தோம். கவுண்டி இணையத்தளத்தில் அவரவர் பகுதிக்கு ஏற்ற மாதிரிச்சீட்டு கிடைக்கும், மகள் அச்செடுத்து வைத்திருந்தாள். அதிபர், செனட்டர், நாடாளுமன்ற உறுப்பினர், ரயில்வே கமிஷனர் (பெயர்தான் ரயில்வே, பார்ப்பது எண்ணெய், எரிவாயு விவகாரம்), அப்புறம் நீதிபதிகள், நீதிபதிகள், இன்னும் நீதிபதிகள். கீழே இறங்கிப் போனால்தான் ஷெரிஃப் வருகிறார், அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள், அவரும் அங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறவர். முன்பெல்லாம் டெக்சஸில் ஒரு கட்சியைத் தொட்டால் அந்தக் கட்சி ஆட்கள் எல்லாருக்கும் சேர்ந்து ஓட்டு விழும், அந்த வசதியை 2020-இலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பதவியாகத்தான் போட வேண்டும். களைத்துப்போகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பெயர் நன்றாக இருக்கிறதே என்று குத்திவிட்டு வருகிறார்கள்.

இதில் நம் பிள்ளைகள்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வளர்ந்த இடத்தைப் பாருங்கள். பொதுத் தேர்தலில் நம் கையில் கிடைப்பது ஒரே சீட்டு, ஒரே குறி, வேலை முடிந்தது. காவல்துறை ஆணையரைப் பிரதமரின் ஆலோசனைப்படி சிங்கப்பூர் அதிபர் நியமிக்கிறார், அந்த நியமனத்தை மறுக்கும் அதிகாரமும் அதிபருக்கு உண்டு, ஆக நாம் அதிபரைத் தேர்ந்தெடுப்பதோடு அந்தப் பொறுப்பு நம் கையைவிட்டுப் போகிறது. ஓட்டுப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாரும் போய்விடுகிறோம். அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் சீட்டு நீளம். இங்கே பழகிய கை அங்கே போனதும் மேலே இருக்கும் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு மற்றதை ஓரம் தள்ளுகிறது.

போலீசையும் ஓட்டையும் ஒன்றாகப் போட்டால் விளங்குமா என்று நானும் மாப்பிள்ளையிடம் வாதாடினேன். நாளைக்குக் கைது செய்ய வேண்டிய ஆளிடமே இன்றைக்கு ஓட்டுக் கேட்டு நிற்பது என்ன முறை? அவர் அரிசோனாவை எடுத்துச் சொன்னார். மாரிகோபா கவுண்டியில் ஜோ அர்பையோ 1993-இலிருந்து 24 வருடம் ஷெரிஃப். பாலைவன வெயிலில் கூடாரம் போட்டுக் கைதிகளை அடைத்தார், கைதிகளுக்கு ரோஸ் நிற உள்ளாடை கொடுத்தார், ஒவ்வொரு முறையும் மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். அவருடைய ஆட்கள் இனத்தைப் பார்த்து லத்தீன் மக்களை நிறுத்திச் சோதித்தார்கள் என்று 2013-இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்ன பிறகுகூட அவர் பதவியில்தான் இருந்தார். வழக்குச் செலவெல்லாம் கவுண்டி மக்களின் வரிப்பணம். 2016 நவம்பரில் அதே மக்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னது தேர்தல் முறைக்கு ஆதரவாக, எனக்கோ 24 வருடம் ஆகிவிட்டதே என்றுதான் பட்டது.

நம்மவர்கள் மிகுதியாக இருக்கும் கலிபோர்னியா சான்டா கிளாராவிலும் ஒரு கதை உண்டு. சான் ஹோசே, சன்னிவேல் எல்லாம் அதில்தான் வருகின்றன. 1998-இல் முதலில் ஜெயித்த லாரி ஸ்மித் என்ற பெண் ஷெரிஃப், மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுப்பதில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்று குற்றம்சாட்டப்பட்டு, 2022 நவம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது, அதற்குச் சில நாள் முன்னால்தான் பதவி விலகியிருந்தார். அவரை ஆறு முறை தேர்ந்தெடுத்தவர்களில் நம் கணினித் துறைப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். துப்பாக்கி உரிமம் ஷெரிஃப் கையில் இருக்கிறது என்பதே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆனால் ஃபோர்ட் பெண்டின் வரலாற்றை வாசித்தபோது என் வாதம் கொஞ்சம் இளகியது உண்மை. அடிமையாக இருந்த வால்டர் மோசஸ் பர்ட்டன் என்ற கறுப்பினத்தவரை, அடிமை முறை ஒழிந்து நான்கே வருடத்தில், 1869-இல் அந்தக் கவுண்டி மக்கள் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மேலிருந்து யாரும் நியமித்திருக்க மாட்டார்கள், ஓட்டுத்தான் அதைச் செய்தது. அடுத்த கறுப்பின ஷெரிஃப் எரிக் ஃபேகன் வர 2020 ஆயிற்று. நடுவில் ஒன்றரை நூற்றாண்டு.

அந்த ஊர்க்காரர்களே இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. சியாட்டல் இருக்கும் கிங் கவுண்டியில் தேர்தல் வேண்டாம், நியமனமே போதும் என்று 2020-இல் மக்கள் வாக்களித்தார்கள். மயாமி டேடில் பல பத்தாண்டுகள் நியமனமாக இருந்ததை மாற்றி 2024-இல் மறுபடியும் ஷெரிஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கும் மாறும். பெரும்பாலும் நான்கு வருடம், நியூ ஜெர்சியில் மூன்று, மாசசூசெட்ஸில் ஆறு. கலிபோர்னியாவில் 2022-இல் ஜெயித்தவர்களுக்கு அடுத்த தேர்தல் 2028-இல்தான். லூசியானாவில் ஷெரிஃபே வரி வசூலிப்பவரும்கூட. வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டியில் ஷெரிஃப்தான் போலீஸ், ஒட்டியிருக்கும் ஃபேர்ஃபாக்ஸில் கவுண்டிப் போலீஸ் தனி, ஷெரிஃப் சிறையையும் நீதிமன்றத்தையும் பார்த்துக்கொள்கிறார், இரண்டிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆகவே டெக்சஸில் இருக்கும் சித்தப்பா மகன் சொன்னதைக் கேட்டு வர்ஜீனியாவில் ஓட்டுப் போட முடியாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். டெக்சஸில் 1975-இலிருந்து சிறைத் தர ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, கவுண்டிச் சிறைகளைச் சோதித்து அறிக்கையை இணையத்தில் போடுகிறது. அதை வாசித்தோம். உள்ளூர்ப் பத்திரிகைகளில் இரண்டு வேட்பாளரும் சொன்னதைத் தேடினோம். டெபுடிகள் எத்தனை இடம் காலி, ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள், சிறையில் இறந்தவர்கள் எத்தனை, வழக்குகளுக்குக் கவுண்டி எவ்வளவு கொடுத்தது, குடிநுழைவு அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்யும் 287 ஜி ஒப்பந்தம் பற்றி என்ன நினைக்கிறார், மனநலம் சரியில்லாதவரைச் சிறைக்கு அனுப்புவதா மருத்துவமனைக்கு அனுப்புவதா, இவைதான் மகள் எழுதிக்கொண்ட கேள்விகள். ஒரு விஷயத்தில் நான் அவளைத் திருத்தினேன், ஒரு விஷயத்தில் அவள் என்னை. வீட்டு வரியைக் குறைப்பவருக்குப் போடு என்றேன், வரியும் நிதியும் கவுண்டி கமிஷனர்கள் கையில், ஷெரிஃப் அதைக் கேட்டு வாங்குகிறவர்தான் என்றாள். கட்சியைப் பார்த்துப் போட்டுவிடலாமா என்று அவள் கேட்டபோது, சிறைக்குள் மணிக்கு ஒருமுறை ஆள் போய்ப் பார்ப்பதற்குக் கட்சி என்ன செய்யும் என்றேன் நான்.

இன்னொன்று, நவம்பர் வரை காத்திருந்தால் பல கவுண்டிகளில் காலம் கடந்துவிடும். ஒரே கட்சி ஓங்கியிருக்கும் இடத்தில் உண்மையான போட்டி உட்கட்சித் தேர்தலில்தான், டெக்சஸில் அது மார்ச்சில். கட்சி உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று அங்கே போய்ச் சொன்னால் போதும். எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் ஜெயிக்கும் ஷெரிஃப்களும் நிறைய. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தத் தேர்தல்கள் எதிலும் ஓட்டுப் போடக்கூடாது, தெரியாமல் பதிந்து போட்டாலும் நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம், பெற்றோர் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

ஓட்டுப் போட்ட அன்று நான் வெளியே காரில் இருந்தேன். டெக்சஸில் வாக்களிக்கும் இடத்துக்கு நூறு அடிக்குள் போனைப் பயன்படுத்தக்கூடாது, ஆனால் எழுதிய தாளை உள்ளே கொண்டுபோகலாம். பேரனின் கணக்கு நோட்டில் கிழித்த தாள், ஒரு பக்கம் அவன் போட்ட வகுத்தல், மறுபக்கம் மகள் தமிழும் ஆங்கிலமுமாக எழுதிய பெயர்கள். திரும்பி வர 40 நிமிடம் ஆயிற்று. மேலே அதிபருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம், மீதி நேரமெல்லாம் கீழே இருப்பவர்களுக்குத்தான். ஷெரிஃபுக்கு யாரைப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2026 நவம்பரில் வட கரோலினா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் ஷெரிஃப் தேர்தல் வருகிறது. அதிபர் தேர்தலுக்கு நம் நாளிதழில் எத்தனை பக்கம் போட்டீர்கள், ஒரு பாதிப் பக்கம் இதற்கும் ஒதுக்குங்கள். ராலியிலும் சிகாகோ பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் எனக்குத் தெரிந்தே ஈசூனில் மூன்று குடும்பம், கத்தரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் நெடுநாள் வாசகர்